மசக்கை இல்லை

ஏறும்போது ஒன்றும் செய்யாது. மேட்டின் உச்சிக்குப் போய், தலையிலிருக்கும் அரிசி மூட்டையை இறக்கி, சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அது வரும். மொக்கம்மாளுக்கு முதலில் எதிரே இருப்பவரின் முகத்தில் ஓர் இடம் காணாமல் போகும். கறுப்பாக மறைக்காது, அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்பதுபோல இருக்கும். பிறகு அதன் ஓரத்தில் கதிரரிவாளின் பல் மாதிரி ஒரு வெள்ளிக் கோடு நெளிந்து மினுங்கும். அது பெருகிப் பெருகி இடது பக்கத்து மலையை, மரத்தை, ஆளை எல்லாம் தின்றுவிடும். கண்ணை மூடினாலும் உள்ளே மினுங்கும். ஒரு வாய் வெற்றிலை மென்று துப்பும் நேரத்துக்குப் பிறகு கண் தெளியும். தெளிந்துவிட்டதே என்று மூச்சு விடுவதற்குள் வலது பொட்டில் வலி பிடிக்கும். உள்ளேயிருந்து யாரோ உலக்கை போடுவதுபோல் இடிக்கும். குடித்த கூழ் அத்தனையும் வெளியே வந்தால்தான் கொஞ்சம் அடங்கும்.

கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிறந்தது ஓடைப்பட்டி. அந்தக் காலத்தில், அதாவது பெரிய யுத்தம் தொடங்குவதற்குச் சில வருசங்கள் முன்பு, அடிவாரத்துப் பெண்களுக்குத் தலைச்சுமைதான் பிழைப்பு. கம்பத்தில் நத்தர்ஷா ராவுத்தரின் கிட்டங்கியிலிருந்து அரிசி, உப்பு, கருவாடு என்று மேலே ஏலத்தோட்டங்களுக்குச் சுமந்து போவார்கள். மேலே திருவிதாங்கூர் எல்லை. இறங்கும்போது ஏலக்காய்ச் சாக்கு. கங்காணி அழகர் முன்னால் நடப்பார். நிற்கக் கூடாது, பின்தங்கக் கூடாது. காலை வெயில் ஏறுமுன் மேட்டைத் தொட்டுவிட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பாதி தூரம் ஓட்டமும் நடையுமாகத்தான் ஏறுவார்கள்.

புருசன் கருத்தக்கண்ணனிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"மச்சான், மேட்டுக்குப் போனதும் எனக்குக் கண்ணு பாதி மறைக்குது. அப்புறம் தலை பொளக்குது."

அவன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். "வெயிலு. எல்லாருக்குந்தான் மறைக்கும்."

"வெயிலு இல்லாத நாள்லயும் வருது."

"அப்பப் பசியா இருக்கும்," என்று சொல்லிவிட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கெட்டவன் இல்லை. கேட்டுக்கொள்ளத் தெரியாதவன்.

கல்யாணமாகி ஒன்பது வருசம், அவளுக்குப் பிள்ளை இல்லை. மாமியார் ராக்கம்மாள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சோற்றுக் கரண்டியில் சொல்வாள். மகனுக்குக் குழம்பை அள்ளி ஊற்றிவிட்டு, மருமகள் தட்டுக்கு வரும்போது கரண்டி பாதியாகச் சாய்ந்திருக்கும்.

அந்த வருசம் ஏலக்காய் சீசனில் வலி அடிக்கடி வந்தது. ஒருநாள் மேட்டில் சுமைதாங்கிக் கல்லைப் பிடித்துக்கொண்டு மொக்கம்மாள் வாந்தியெடுத்தாள். கூடச் சுமக்கும் சங்கிலியம்மாள் வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். மூன்று பெற்றவள், இவளைவிடப் பத்து வயசு மூத்தவள்.

"ஏத்தா மொக்கு, தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும் மதினி. எனக்கு அது அப்பப்ப நின்னு நின்னுதான் வரும்."

"போன வாரமும் இங்கன கக்குனியே."

"அது தலைவலி. கண்ணு மறைச்சு, அப்புறந்தான்..."

சங்கிலியம்மாள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. இறங்கும்போது எல்லாரையும் தாண்டி ஓடினாள். மொக்கம்மாள் வீட்டு வாசலை மிதிக்கும்போது ராக்கம்மாள் ஒரு செம்பு தண்ணீரோடு நின்றாள். ஒன்பது வருசத்தில் மருமகளுக்கு அவள் தண்ணீர் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"சாக்க எறக்கு ஆத்தா. இனி நீ மேட்டுக்குப் போக வேணாம்," என்றாள்.

மொக்கம்மாள் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. இருந்தாலும் இருக்கும் என்று அவளுக்கே தோன்றியது. ஊரில் இத்தனை பெண்கள் கூடிச் சொல்லும்போது தன் வயிற்றைப் பற்றித் தனக்கு மட்டும் என்ன தெரியும்?

அதன் பிறகு வந்த நாட்களைப் போல அவள் வாழ்க்கையில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. முருங்கைக்கீரையும் நாட்டுக்கோழி முட்டையும் தட்டுக்கு வந்தன. கருத்தக்கண்ணன் சந்தைக்குப் போனால் மாங்காய் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வருவான். கொடுக்க வெட்கப்பட்டு அடுப்பு மேட்டில் வைத்துவிட்டுப் போவான். ராத்திரி படுத்துக்கொண்டு, மழை எப்போது வரும், எந்த மாட்டை விற்கலாம் என்று அவளிடம் யோசனை கேட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்குத் தலை வலிக்கவில்லை. வீட்டு வேலை மட்டும் பார்த்தாள், மெதுவாக நடந்தாள். முகங்கள் முழுசாகத் தெரிந்தன. புருசனின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதை அப்போதுதான் நின்று கவனித்தாள்.

மூன்றாம் மாசத்து முடிவில் ஒரு விடியக்காலை உதிரம் பட்டது.

வாய்க்காலில் குந்திக்கொண்டு துணியை அலசினாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தாள். ராக்கம்மாள் அவளுக்கென்று உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தது. சாயங்காலம், நாளைக்கு என்று இருந்தது. சில பேருக்குப் பிள்ளை இருக்கும்போதே லேசாகப் படும் என்று சங்கிலியம்மாள் எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த மாசமும் பட்டபோது பிடித்துக்கொள்ள அதுவும் இல்லை. சொன்னால் மறுநாளே மேட்டுக்குப் போக வேண்டும், மறுபடியும் அந்த வெள்ளிக் கோடு நெளியும். அதை நினைத்தபோது வாய் தானாக மூடிக்கொண்டது. துணியை ஒளித்து உலர்த்தப் பழகிக்கொண்டாள்.

ஐந்தாம் மாசம் என்று கணக்குப் போட்டு ராக்கம்மாள் அவளை உட்காரவைத்து விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டாள். தலை, தோள், இடுப்பு. பிறகு அடிவயிற்றுக்குக் கை வந்தது. கை அங்கேயே நின்றது. கொஞ்சம் அழுத்திப் பார்த்தது. பிறகு இடுப்புக் கயிற்றில் செருகியிருந்த தீட்டுத் துணியைத் தொட்டது.

ராக்கம்மாள் கையிலிருந்த எண்ணெயைத் தன் முழங்காலில் வழித்துத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தெருவுக்குப் போனாள். அங்கே போய்த்தான் பேசினாள்.

"தின்னு படுக்கிறதுக்கு வயித்துல புள்ளன்னு சொல்லிட்டாளே. சாமி பேரச் சொல்லி ஏமாத்துனாக்கூட மன்னிச்சிருவேன். புள்ள பேரச் சொல்லி ஏமாத்திட்டாளே."

பிள்ளை என்று மொக்கம்மாள் ஒருநாளும் சொல்லவில்லை. அவள் சொன்னது கண் மறைக்கிறது, தலை வலிக்கிறது என்றுதான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் இதை எடுத்துச் சொல்ல அவளுக்கும் வாய் எழவில்லை. கடைசி இரண்டு மாசம் அவள் வாயடைத்து இருந்தது உண்மைதானே. கருத்தக்கண்ணன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பு மேட்டில் அன்று வைத்த மாங்காயை அவனே எடுத்து மாட்டுக்குப் போட்டான்.

மறுநாள் அவள் தலையில் அரிசி மூட்டை ஏறியது. மேட்டில் கண் மறைத்தது. "மதினி, வந்துருச்சு" என்று சங்கிலியம்மாளின் கையைப் பிடித்தாள். சங்கிலியம்மாள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். "போதும் மொக்கு. உன்னால ஊருக்குள்ள எனக்குத்தான் அசிங்கம்," என்றாள்.

தை பிறந்ததும் ராக்கம்மாள் ஓடைப்பட்டிக்குப் போனாள். தாயில்லாத வீடு, மொக்கம்மாளின் அப்பனும் இளையவள் கஸ்தூரியும்தான். மூத்தவளைத் தள்ளிவைத்து ஊர் சிரிக்க வைக்காமல், இளையவளையும் அதே வீட்டுக்குக் கொடுத்தால் பேர் கெடாது என்று ராக்கம்மாள் பேசினாள். அப்பன் தலையை ஆட்டினார். கல்யாணத்தன்று தங்கச்சிக்குத் தலைவாரிப் பூ வைத்தது மொக்கம்மாள்தான். கஸ்தூரி அழுதாள். "எக்கா, நான் கேட்டு வரல," என்றாள். "தெரியும்டி, தலைய ஆட்டாத," என்று மொக்கம்மாள் பின்னலை இறுக்கினாள்.

கஸ்தூரி நல்ல பெண். அக்காளுக்கு முன் உட்கார மாட்டாள், அக்காள் சாப்பிடாமல் சாப்பிட மாட்டாள். சுமைக்கும் சேர்ந்து போனாள். இருபது வயசு, ஆட்டுக்குட்டி மாதிரி ஏறினாள். ஒருநாள் மேட்டில் அக்காள் தலையைப் பிடித்துக்கொண்டு புதரோரம் கிடப்பதைப் பார்த்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"எக்கா, எங்கிட்டயாச்சும் சொல்லு. நெசமாவே வலிக்குதா?"

மொக்கம்மாளுக்கு அப்போது தங்கச்சியின் முகத்தில் ஒரு கண் மட்டும்தான் தெரிந்தது. அந்த ஒரு கண்ணிலும் சந்தேகம் இருந்தது. மாமியார் பேசிய பேச்சைவிட இது ஆழமாக இறங்கியது.

ஆடியில் கஸ்தூரி வாந்தியெடுத்தாள். ராக்கம்மாள் இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. மருத்துவச்சியைக் கூப்பிட்டு நாடி பார்த்து, நாள் எண்ணி, நிச்சயப்படுத்திக்கொண்டாள். அப்புறம் மொக்கம்மாள் காதில் விழும்படி சொன்னாள்: "வாந்தியிலேயே தெரியுதுல்ல, எது மசக்கை எது நடிப்புன்னு."

கஸ்தூரி வீட்டில் இருந்தாள். அவள் சுமையில் பாதியை மொக்கம்மாள் மூட்டையில் சேர்த்துக் கட்டச் சொல்லி ராக்கம்மாள் அழகரிடம் சொல்லி அனுப்பினாள். அழகர் கட்டினார்.

அந்தப் பாரத்தோடு ஏறிய மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மழை தூறிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து மூட்டையை இறக்கிய கையோடு திரும்பி இறங்கச் சொன்னார்கள். கண் தெளிவதற்குள் மொக்கம்மாள் நடந்தாள். பாதையின் இடது பக்கம் அவளுக்கு இல்லை. இல்லாத பக்கத்தில் காலை வைத்தாள். பத்தடி உருண்டு ஒரு மரத்தூரில் இடித்து நின்றாள். முழங்கை பிசகியது. தூக்கிக்கொண்டு போய்த் தோட்டத்துக் கம்பவுண்டர் வீட்டு முற்றத்தில் கிடத்திவிட்டு, இருட்டுமுன் இறங்க வேண்டும் என்று மற்றவர்கள் போய்விட்டார்கள்.

கம்பவுண்டர் ஞானசிகாமணி கையை இழுத்துக் கட்டினார். நாகர்கோவில் பக்கத்து ஆள், அதிகம் பேசாதவர். கட்டும்போது, "பாதை தெரியாமலா விழுந்தே?" என்று கேட்டார்.

அவள் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தாள். வலியில் வார்த்தை வந்துவிட்டது. வெள்ளிக் கோட்டைப் பற்றிச் சொன்னாள். எந்தப் பக்கம் வரும், எப்போது போகும், பிறகு எங்கே வலிக்கும், எல்லாம் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணை மூடினாலும் மின்னுமோ?"

"ஆமாய்யா."

"ஓடி ஏறினால் வரும், சும்மா இருந்தால் வராது?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் தமக்கைக்கு உண்டு. நெல்லு குத்தினால் வரும் அவளுக்கு. ஒற்றைத் தலைவலி. சாகிற சீக்கு இல்லை. தீர்த்துவைக்க என்னிடம் மருந்தும் இல்லை. வெறும் வயிற்றோடு பாரம் தூக்கி ஏறாதே, அவ்வளவுதான்."

மொக்கம்மாள் கட்டுப் போடாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கம்பவுண்டர் கை வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக் கட்டைத் தளர்த்திவிட்டார்.

கை சேரும்வரை தோட்டத்து ஸ்டோரில் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கச் சொன்னார்கள். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். உட்கார்ந்த வேலை. கை சேர்ந்த பிறகும் அவள் இறங்கவில்லை. கருத்தக்கண்ணன் ஒருமுறை வந்தான். அவள் கம்பவுண்டர் சொன்ன பேரைச் சொன்னாள். "ஒத்தத் தலைவலியாம். அவுக அக்காவுக்கும் இருக்காம்."

"பேரு வச்சுட்டா நோவு ஆயிருமா?" என்றான் அவன். கோபமாகக்கூட இல்லை. சொல்லிவிட்டு இறங்கிப் போனான். இருந்து சம்பாதிக்கட்டும் என்று ராக்கம்மாளும் விட்டுவிட்டாள்.

பங்குனியில் அவன் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. ஸ்டோர் வாசலில் குந்திக்கொண்டு, பேச்சைத் தேடித் தேடிப் பேசினான்.

"கஸ்தூரிக்கு இந்த வாரமோ அடுத்த வாரமோ. காலு வீங்கியிருக்கு. அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல், எந்திரிக்க முடியல. நீ வந்து கொஞ்ச நாள் கூட இருந்தா..."

"கஸ்தூரி கூப்பிட்டாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. அம்மாதான் சொல்லிவிட்டா."

மொக்கம்மாள் கையில் இருந்த ஏலக்காயை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். அன்றைக்கு அவளுக்குக் கண் பளிச்சென்று இருந்தது. தூரத்து மரத்து இலைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. தலையில் ஒரு நோவும் இல்லை.

"எனக்கு விடிஞ்சதுலருந்து தலைவலி மச்சான்," என்றாள். "கண்ணு மறைக்குது. எறங்க முடியாது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, "சரி, ஒடம்பப் பாத்துக்க. பழம் வெறும் வயித்துல திங்காத," என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். நம்பிவிட்டான். அவன் முதுகு வளைவில் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருசத்தில் அவள் வலியைப் பற்றிச் சொன்ன ஒரே பொய் அது.

சித்திரை முதல் வாரம் சங்கிலியம்மாள் அரிசி மூட்டையோடு வந்து ஸ்டோர் முன் இறக்கினாள். பழைய மனக்கசப்பு கொஞ்சம் ஆறியிருந்தது. வெற்றிலையை மடித்துக்கொண்டே சேதி சொன்னாள்.

"பொட்டப்புள்ள. தாயும் புள்ளையும் சொகம். ஆனா ரெண்டு நாளு பாடுபட்டுட்டா கஸ்தூரி. வலியில ஆத்தான்னு கத்தல, எக்கா எக்கான்னுதான் கத்துனா. கேக்க முடியல."

மொக்கம்மாள் முறத்தைப் புடைத்தாள்.

"நீயும் என்ன செய்வ, தலைவலியில கெடந்தியாமே. ராக்கம்மா அத்தையே சொல்றாக, மூத்தவளுக்கு நெசமாவே நோவுதான் போலன்னு. நாமதான் தப்பா நெனச்சுட்டமோன்னு எனக்கும் கஷ்டமாப் போச்சு."

"வெத்தல இருந்தா எனக்கும் ஒண்ணு குடு மதினி," என்றாள் மொக்கம்மாள்.

சங்கிலியம்மாள் கொடுத்தாள். மொக்கம்மாள் அதை வாயில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளை யார் சாடை என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. கீழே அழகர் குரல் கொடுத்ததும் சங்கிலியம்மாள் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். மொக்கம்மாள் அடுத்த ஏலக்காய் மூட்டையைப் பிரித்து முறத்தில் கொட்டினாள். அதில் முக்கால்வாசி வெளுத்தது.