நிறுத்துப் பார்த்த ஓட்டு

ஆர்கியா நகரத்தின் தலைமையில் இருந்த கடற்கூட்டணியில் ஓட்டுப் போடுவது மாடுகள்தான். ஒவ்வொரு தீவும் வருஷத் திருவிழாவுக்கு ஒரு மாட்டைக் கொண்டுவர வேண்டும். அது வெள்ளைக் கூடையில் வாய் வைத்தால் சம்மதம், கறுப்புக் கூடையில் வைத்தால் மறுப்பு. ஓட்டுப் போட்ட கையோடு அதற்கு மாலை போட்டு வெட்டி விருந்து வைத்துவிடுவார்கள்.

கூடைகளை நிரப்புவது ஆர்கியா. வெள்ளையில் தேன் பிசைந்த பார்லி, கறுப்பில் காய்ந்த ஒலிவ இலை. பிறகு எந்த மாடு மறுக்கும்? இப்படித்தான் பெல்லோஸ் தீவு போன வருஷம் தன் கப்பல்களையெல்லாம் தானாக முன்வந்து கொடுத்தது. இந்த வருஷம் தீவுகள் மதிலை இடித்துக் கல்லை அனுப்ப வேண்டுமாம். நாங்கள் காவல் இருக்கும்போது உங்களுக்கெதற்கு மதில் என்று கேட்டது ஆர்கியா.

பெல்லோஸின் தூதர் ஹெர்மோனுக்கு வயிறு எரிந்தது. அவர் வீடு மதிலை ஒட்டியது. கொள்ளையர் வந்தால் முதலில் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் கழுத்துக்குத்தான் கத்தி. அதனால் மெலிட்டா என்ற மாட்டை ஒலிவ இலை தவிர வேறெதையும் கண்ணில் காட்டாமல் வளர்த்தார். ஊர் அதற்கு ஒதுக்கிய பார்லி வீணாகலாமா? கஞ்சி வைத்துத் தானே குடித்தார்.

திருவிழாவில் மெலிட்டா நேராகக் கறுப்புக் கூடைக்குப் போனது. ஹெர்மோனுக்குக் கண் கலங்கிவிட்டது. மற்ற தீவு மாடுகளும் அதன் பின்னாலேயே வந்தன. எல்லாத் தூதர்களுக்கும் அதே யோசனை தோன்றியிருந்தது. வெள்ளைக் கூடைக்குப் போனது ஆர்கியாவின் மாடு மட்டும்தான்.

"ரொம்ப சந்தோஷம். இனி நிறுத்துப் பார்த்துடலாம்" என்றார் சபைத் தலைவர் அரிஸ்டன்.

"நிறுக்கிறதா? ஊருக்கு ஒரு ஓட்டுதானேய்யா?" என்றார் ஹெர்மோன்.

"ஒரு ஓட்டுதான், யார் இல்லேன்னா? அது எவ்வளவு கனம்னு பார்க்க வேண்டாமா?"

துறைமுகத்துத் தராசில் ஒரு பக்கம் ஆர்கியாவின் மாடு ஏறியது. கூட்டணியின் பார்லி முழுக்க அதன் வயிற்றில்தான் இருந்தது. மறுபக்கம் எலும்பும் தோலுமாக மற்ற மாடுகள் அத்தனையும் ஏறின. அந்தத் தட்டு மேலேயே நின்றது.

"ஒரு ஆள் கனம் குறையுது" என்றார் அரிஸ்டன்.

"என்ன கருமம்டா சாமி இது!" ஹெர்மோன் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தன் தொப்பையைத் தட்டிக் காட்டினார். "மாடு தின்ன வேண்டிய பார்லி இங்கேதான் இருக்கு. இதையும் சேர்த்து நிறுங்க."

ஏறி நின்றார். தட்டு இறங்கியது. மதில் தப்பியது.

அரிஸ்டன் எதையும் முறைப்படி செய்கிறவர். தீர்மானம் தோற்றது என்று அறிவித்தார். மெலிந்த மாடுகள் விருந்துக்கு ஆகாது என்று இறக்கிவிட்டார். ஹெர்மோன் கழுத்தில் மாலையைப் போட்டார்.

"ஓட்டுப் போட்டாச்சு இல்லையா, வாங்க."

"அட, மாலையாவது வாடாம இருக்கக் கூடாதா" என்று சலித்துக்கொண்டே ஹெர்மோன் விருந்துக் கூடத்துக்கு நடந்தார்.

மெலிட்டா தனியாக ஆர்கியாவின் கப்பலில் ஏறி ஊர் திரும்பியது. தூதர் பதவி காலியாக இருந்ததால் அதையே அமர்த்தினார்கள். இப்போதெல்லாம் காலையில் அது, அடுத்த திருவிழாவுக்கென்று ஊர் ஒதுக்கியிருக்கும் ஹெர்மோனின் மைத்துனர் வீட்டுக்குப் போய், அவர் பார்லிக் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்து முடிக்கும்வரை வாசலில் நிற்கிறது.