யோசெப் தைத்த உறைகள்

பார்க் எக்ஸ்டென்ஷனில் யோசெப் கையால் தைத்த தோலுறைக்குள் வைத்த துப்பாக்கி மாதம் பத்துக் கிராம் வீதம் கரைந்தது. ஒரு கிலோவுக்குக் கிட்டவான துப்பாக்கி எட்டு வருடம் தாங்கும். பிறகு உறை மட்டும், வடிவம் கலையாமல், இடுப்பில் நிற்கும். 2006இல் ஒரு காவல் நிறுவனத்தின் நாலு ஆட்களுக்கு அவர் தைத்துக் கொடுத்தார். 2014 மாசியில் நாலு பேரும் ஒரே கிழமையில் வெறும் உறையோடு நின்றார்கள். மூன்று நாள் விசாரணை நடந்தது. திருட்டென்று நிரூபிக்க முடியவில்லை, வேலை மட்டும் போனது. ஈரத்தோலைத் துப்பாக்கி அச்சின்மேல் அழுத்திக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே இறுகும். மற்றவர்கள் தண்ணீரில் நனைப்பார்கள். நம்முடைய மனிதர், சட்டைக்குப் போடுவதுதானே என்று சோற்றுக்கஞ்சியில் நனைத்தார். அந்தக் கஞ்சிதான் இரும்பைத் தின்றது என்று தானே முடிவுகட்டி, ஊசியை எடுத்து வைத்துவிட்டு, புவாண்ட்-கிளேரில் ஒரு கிட்டங்கிக்குப் பெட்டி அடுக்கப் போனார். பாவம், யாரிடமும் கேட்கவுமில்லை.

பத்து வருடம் கழித்துச் சாருஜா வந்து கதவைத் தட்டினாள். பெயர் வெளியே தெரியாத துப்பாக்கி உறைக்காரர்களின் வாழ்க்கையைத் தேடிப் பல்கலைக்கழகத்துக்காகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். அதுவரை பதினொரு பேரைக் கண்டுபிடித்திருந்தாள். அதில் ஒன்பது பேர் செத்தவர்கள், மறுப்புச் சொல்ல வரவில்லை. யோசெப் சொன்னார். “நாலு குடும்பத்தின்ர பிழைப்பைக் கெடுத்தனான். என்ர பேரைப் போடாதேங்கோ பிள்ளை.” அவர் மனைவி திரேசம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, பத்து வருசமா இந்தப் புலம்பல்தான் என்றார். பெயர் இல்லாவிட்டால் யோசெப் அந்தப் புத்தகத்தில் இல்லை. சாருஜாவுக்குப் பொறுக்கவில்லை. அந்த நாலு பேரையும் தேடிப் புறப்பட்டாள்.

ஒருவர் டொரன்டோவுக்குப் போய்விட்டார், இருவர் போன் எடுக்கவில்லை. நாலாமவர் நிஷான், கோட்-டெ-நெய்ஜில் பஸ் ஓட்டுகிறவர், அடுத்த ஞாயிறே அவளோடு வந்தார். அவரைக் கண்டதும் யோசெப் ஏச்சு வாங்க ஆயத்தமாக எழும்பி நின்றார்.

“வேலை போனது உண்மைதான் அண்ணை,” என்றார் நிஷான். “ஆனா மாதாமாதம் இடுப்புப் பாரம் குறையக் குறைய எனக்குப் பயமும் குறைஞ்சுது. சனத்தோட சிரிச்சுக் கதைக்கப் பழகினன். இப்ப மகள் ஜென்சி பொலிசிலை சேர்ந்திட்டாள். அவளுக்கும் ஒண்டு தைச்சுத் தாங்கோ.”

“அதுவும் கரையும் தம்பி.”

“ஓம் அண்ணை. தெரிஞ்சுதான் கேக்கிறன்.”

யோசெப்புக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவுமில்லை. மூக்கைச் சீறிவிட்டு ஜென்சியின் இடுப்பளவைக் கேட்டார். பிறகு சாருஜாவிடம் பெயரைச் சொன்னார், தகப்பன் பெயரோடு முழுசாக. நூலுக்கு மெழுகு பூசினது ஆரென்று திரேசம்மா கேட்டதால் அவர் பெயரும் ஏறியது. ஜென்சியின் துப்பாக்கி ஒரு வருடத்தில் நூற்றிருபது கிராம் இறங்கியிருக்கிறது. அவளோடு வேலை செய்கிற இரண்டு பேர் போன சனிக்கிழமை வந்து, தங்களுக்கும் அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.