லாக் போடாத கைப்பட்டைகள்

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒருவரைச் சுட்டால் சாயம் அவர்மேல் படுவதில்லை, அவரைவிடக் கை சற்று மெலிந்த இன்னொருவர்மேல்தான் படுகிறது என்பது இரண்டாவது ஆட்டத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆட்டம் என்பது பெயிண்ட்பால். கிடங்குக்காரர்களும் லாரிக்காரர்களும் எலியும் பூனையுமாக இருப்பதைப் பார்த்துச் சலித்த மேனேஜர், துப்பாக்கியில் சாயக்குண்டு போட்டு ஒருவரையொருவர் சுட்டு விளையாடினால் ஒற்றுமை வளரும் என்று யாரோ சொன்னதை நம்பி, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்கத்துக் காலி மனையில் இதற்கு ஏற்பாடு செய்தார். முகமூடி போட்டுவிட்டால் யார் எந்தக் கட்சி என்று தெரியாது. ஆகவே கிடங்குக்குச் சிவப்பும் லாரிக்கு நீலமுமாகக் கைப்பட்டை தேவைப்பட்டது. கடையில் வாங்குவானேன், நம் வீட்டிலேயே தைத்துவிடலாம் என்று கிடங்குப் பொறுப்பாளர் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். தைக்க வேண்டியவள் அவர் மனைவி.

அவள் முன்னறையில் மெஷின் போட்டு, திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துக் கொடுக்கிறவள். பழைய திரைத்துணி இரண்டைக் கிழித்தாள். ஆட்களின் கைச்சுற்றளவைக் கேட்டு வாங்கி, எலாஸ்டிக்கைப் பெரிதிலிருந்து சிறிதாக வெட்டி அடுக்கினாள். அந்த வரிசையிலேயே, சிவப்பும் நீலமும் கலந்தபடி, ஒரு பட்டை முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்ததை ஊசிக்குக் கீழே தள்ளி, மாலைபோல் ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டு, பிறகு இடையிடையே கத்தரியால் நறுக்கினாள். முடிகிற இடத்தில் தையலை முன்னும் பின்னும் ஓட்டி லாக் போடுவது வழக்கம். இல்லாவிட்டால் நூல் வாய் பிளந்துகொள்ளும். விளையாட்டுச் சாமான்தானே என்று அவள் போடவில்லை. வரிசையில் முதலில் நின்றது லோடுமேன் குண்டண்ணனின் பட்டை. கடைசிக்கு முந்தியது அவள் கணவருடையது. கடைசியாக நின்றது அவள் தம்பியுடையது. லாரி ஓட்டுகிற அந்தத் தம்பியின் கை அகப்பைக் காம்பு மாதிரி இருக்கும்.

முதலில் சாயம்தான் இடம் மாறியது. பேக்கிங் சூப்பர்வைசரைக் குறிபார்த்துச் சுட்டால் வாட்ச்மேன் சட்டை நனைந்தது. பிறகு பட்டையைக் கழற்றி வைத்தாலும் விடவில்லை. சூப்பர்வைசர் கட்டிலில் இடித்துக்கொண்டால் வாட்ச்மேன் கால் வீங்கியது. ஒரு மாதத்துக்குள் ஊழியர்கள் தங்கள் கைகளை டேப் வைத்து அளந்து, தனக்கு முன்னால் யார், பின்னால் யார் என்று தெரிந்துகொண்டார்கள். அதன்பின் அங்கே என்றும் காணாத மரியாதை உண்டாயிற்று. வரிசையில் தனக்கு முன்னால் இருந்த கணக்கர் மாடிப்படி இறங்கினால் பொறுப்பாளர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வார். “பாத்து சார், ஈரமா இருக்கு. உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்குத்தான் வலிக்கும்” என்பார், உள்ளபடியே. தனக்கு முன்னால் ஆளே இல்லாத குண்டண்ணனுக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. மனிதர் வெற்றுக் காலோடு ஆணிப்பலகைமேல் நடந்து காட்டினார். அவருக்கு அடுத்தபடியாக இருந்தவர் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனார். அங்கேயும் அவர் பாதத்தில் துளைகள் விழுந்ததாகத் தகவல் வந்தது.

பொறுப்பாளருக்கும் மைத்துனனுக்கும் ஆகாது. தான் வாங்கிக் கொடுத்த வேலையில் இருந்துகொண்டு தன் பேச்சைக் கேட்காமல் லாரிக்காரர்கள் பக்கம் நிற்கிறான் என்பது அவர் மனத்தாங்கல். வரிசை தெரிந்த நாளிலிருந்து அவர் ஹெல்மெட்டை ஆணியில் மாட்டியவர் எடுக்கவே இல்லை. பைக்கைக் காற்றாய் விரட்டினார். கொதிக்கிற பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கினார். தம்பி ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கட்டோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, மாமாவக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு. எனக்கு இன்னும் ஒரே ஒரு முட்டிதான் பாக்கி இருக்கு.”

உள்ளேயிருந்து பொறுப்பாளர் குரல் கொடுத்தார். “ஏன் மாப்ள, லாரிக்காரங்க யாரும் மருந்து போட்டுவிட மாட்டாங்களா?”

தம்பி சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுவாரம் பொறுப்பாளர் அடுப்பில் விரலை வைத்த நேரம், தம்பி நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தான். சுரீரென்று கை ஸ்டியரிங்கை விட்டது. லாரி நடுத்தடுப்பில் ஏறி, எதிரே வந்த பள்ளி வேனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

அன்றைக்கே அவள் தொழிற்சாலைக்குப் போய், அவரவர் பட்டையைக் கொண்டுவந்தால் லாக் போட்டுத் தருகிறேன், அவரவர் அடி அவரவரோடு நின்றுவிடும் என்று சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த நாளிலிருந்து வாசலுக்கு ஆள் வந்தது, பட்டை வரவில்லை. வந்தவர்களெல்லாம் தங்களுக்கு முன்னால் இருப்பவருடையதை எப்படியாவது வாங்கித் தைத்துவிடும்படி கெஞ்சினார்கள். தன்னுடையதைத் தைக்கச் சொல்லி ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொறுப்பாளர் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, கணக்கரின் பட்டை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவள் அலமாரியிலிருந்த அவருடைய சிவப்புப் பட்டையை எடுத்து, முன்னும் பின்னுமாக ஓட்டி லாக் போட்டுத் திரும்ப வைத்தாள். ஒளிக்கவுமில்லை. அவர் சட்டை போடும்போது சொன்னாள்.

“ஏங்க, உங்க பட்டைய மூடிட்டேன். இனிமே எது பட்டாலும் உங்களுக்குத்தான். ஹெல்மெட்ட எடுத்துட்டுப் போங்க.”

“தம்பிக்காக என்னையே மெரட்டுறியா? சரிதான் போ.”

“மெரட்டல. லாக் போட்டாச்சு.”

அவள் ஹெல்மெட்டை எடுத்து வந்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, அவள் மெஷின்மேலேயே வைத்துவிட்டுப் போனார். தொழிற்சாலை வளைவில், வழக்கமான வேகத்தில், வழக்கமாகத் தம்பி தலையில் விழ வேண்டியது அவர் தலையிலேயே விழுந்தது. தூக்க ஓடியவர்கள் சொன்னபடி, அவர் உள்ளங்கையைப் பார்த்து, “இது என்னோட ரத்தமா?” என்று ரொம்ப ஆச்சரியமாகக் கேட்டாராம். உயிர் தங்கியது. முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஹெல்மெட்டைச் சாப்பிடும்போது மட்டும் கழற்றுகிறார். தனக்கு முன்னாலிருக்கும் கணக்கர் நலமா என்று நாளும் ஆள் அனுப்பிக் கேட்கிறார்.

ஆட்டம் இன்றும் மாதந்தோறும் நடக்கிறது. யாரை வீழ்த்த வேண்டுமோ அவருக்கு முந்தைய ஆளைச் சுட வேண்டும் என்பது இப்போது விதியாகவே ஆகிவிட்டது. தம்பியை எத்தனை முறை சுட்டாலும் மனையில் யார்மேலும் சாயம் விழுவதில்லை என்பதால் அவன்தான் நீலக் கட்சியின் தலைவன். அது ஏன் என்று யாரும் ஆராயவில்லை. அவனுடைய பட்டையைத் தைத்து முடித்தபோது நூலின் மறுமுனை மெஷின் ஊசியிலும், ஊசி அவள் விரலடியிலும் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பட்டை அவளிடமே வந்துவிடுகிறது, ஊசி நூல் பெட்டிக்குள். லாக் போட அரை நிமிடம் ஆகாது. அவள் போடவில்லை.

ஆட்டம் நடக்கும் ஞாயிறுகளில் வாடிக்கையாளர் துணிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, பழைய நைட்டி ஒன்றை உடுத்திக்கொண்டு, வீட்டுச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். தோளிலும் விலாவிலும் சிவப்பு தெறிக்கிறது. துடைத்துக்கொள்கிறாள். மற்ற நாட்களில் தம்பி நெடுஞ்சாலையில் இருக்கிறான், தனக்கு எதுவும் ஆகாது என்ற தெம்பில் இப்போது கொஞ்சம் வேகமாகவே ஓட்டுகிறான். அவளிடம் போன் இருக்கிறது. ஆனால் அவன் லாரி கிளம்பிப் போனால் அவள் போனைப் பார்ப்பதில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, எந்த வாடிக்கையாளர் துணியும் மடியில் இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள்.