கரடி திரும்பி வந்த பக்கம்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. குழந்தைகள் டேப்லெட்டில் வாசிக்கலாமா, தாள் புத்தகத்தில் வாசிக்கலாமா என்று ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. 'இன்றைய குழந்தைகள் வாசிப்பதே...' என்று ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, உன் மருமகன் நூலகப் புத்தகத்தைக் கிழிச்சுட்டான்."

2
மருமகனுக்கு மூன்று வயது. வீட்டில் கூப்பிடுவது வாண்டு. ஒன்பது வயது அக்கா அவனுக்குக் கரடிக் கதை படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அதே கதை டேப்லெட்டிலும் உண்டு. அதில் இரண்டு விரலால் இழுத்தால் கரடி பெரிதாகும். தாளிலும் இழுத்துப் பார்த்தான்.

"அக்கா, கரடி பெருசாகல!"

இன்னும் பலமாக இழுத்தான். கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி கையோடு வந்தது. வந்ததை வாயில் போட்டுக்கொண்டான்.

(பத்திரிகைக்காரர்களே, தாளின் சுவைக்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை.)

3
நூலகர் கண்ணாடிக்கு மேலாக முறைத்... இல்லை, அந்தச் சொல்லை அடித்துவிடுகிறேன். கதைகளில்தான் நூலகர்கள் முறைப்பார்கள். இவர், புத்தகத்தோடு வந்து நின்ற அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"முழுங்கிட்டானா?"

"பாதி. மீதிய அம்மா விரல் விட்டு எடுத்தாங்க. படிக்க முடியல."

ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "டேப்லெட்டில பார்த்து, கிழிஞ்சு போன வரிகளை அப்படியே எழுதிட்டு வா. ஒட்டிடலாம்."

4
போன வரிகளில், கரடி சொல்லிக்கொள்ளாமல் காட்டுக்குப் போய்விடும். அந்த இடம் வந்தாலே வாண்டு அழுவான். அக்கா பென்சிலைக் கடித்தபடி...

(அவள் மனதில் ஓடியதை எழுதப் பார்த்தேன். தெரியாததை எழுதி மாட்டிக்கொள்வானேன்?)

எழுதியது மட்டும் தெரியும்: 'வாசல் வரை போன கரடி திரும்பி வந்து, பசிக்குது என்றது.'

படித்துக் காட்டினாள். வாண்டு அழவில்லை. "இன்னொரு தடவ" என்றான்.

5
நூலகர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"டேப்லெட்டில இப்படியா இருக்கு?"

"இல்ல."

"அப்புறம்?"

"அதில மாத்த முடியாது. இதில இடம் இருந்துச்சு."

அவர் பசைப் புட்டியைத் திறந்தார். திறந்தவர், இதை ஒட்டலாமா என்று அப்படியே யோசிக்கிறார். அதே புத்தகம் கேட்டு இன்னொரு குழந்தை மேசையருகே நிற்கிறது.

பிறகு நடந்ததைத் தங்கை சொன்னாள். நான் சொல்வதாக இல்லை. கரடிக் கதையை எழுதியவன் நானாக இருந்தால் கோபத்தில் குதித்திருப்பேன். தாய்மாமனாக, பசையை நானே தடவுவேன். ஆக, என் பேச்சு எடுபடாது.

மேசைக்கு அந்தப் பக்கம், நூலகர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். சீக்கிரம், பசை காய்கிறது.