ஆளில்லாத மணல்

மணல் இருக்கும் இடத்தில் மை இல்லை. வெறும் காகிதம். காலம் ஏறிய பழுப்பு. ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி மழை. அந்த வெளிச்சத்தில் காகிதம் ஈர மணலாகவே தெரிந்தது.

செப்புத் தகட்டில் கீறி அச்சடித்த பழைய படம். கப்பலில் நின்று கரையைப் பார்க்கிற காட்சி. நடுவில் ஆற்றுமுகம். வலப்பக்கம் வடகரையில், இன்று இல்லாத கோட்டை, கோட்டையை விடப் பெரிய கொடி. கொடியின் காலடியில் வரிசை பிசகாத குடிசைகள். இடப்பக்கம் தென்கரை. அங்கே மணல். மணல் மட்டும்.

அருங்காட்சியகத்தில் இந்தப் படங்களுக்குப் பொறுப்பு அஞ்சலாட்சி. தென்கரைக் குப்பத்தில் பிறந்தவள். அந்தக் குப்பத்தைத்தான் இப்போது துறைமுகத்துக்குக் கேட்கிறார்கள். அங்கே ஆதியில் குடியே இல்லை, இதோ பாருங்கள் படம் என்று கோர்ட்டில் நீட்டிவிட்டார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி. படத்தை விளக்கி எழுதச் சொல்லி அவளுக்கு உத்தரவு.

படம் பொய் என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கடலுக்கு வகிடு எடுத்துச் சீவியிருக்கிறான் பாவி. தென்னைகள் அணிவகுத்து நிற்கின்றன. குடைக்குக் கீழே துரை விரல் உயரம், வலை இழுப்பவர்கள் எறும்பு. ஆள்கிறவன் கண்ணுக்கு எது அழகோ அதுதான் ஊர். ஆனால் இதைச் சொன்னால் கோர்ட் கொட்டாவி விடும்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். துரையின் வாள் வலது இடுப்பில். சிப்பாய்களுக்கும் வலது இடுப்பில். சலாம் போடுகிறவன் இடது கையால் போடுகிறான். ஒரு பட்டாளமே இடக்கையா?

தகட்டில் இடவலம் மாற்றிக் கீறினால்தான் அச்சில் நேராக விழும். இவன் கையில் இருந்த ஓவியத்தைப் பார்த்து அப்படியே கீறிவிட்டான். கரையே புரண்டுவிட்டது.

காகிதத்தைத் தூக்கி, பின்பக்கமாக, மழை வெளிச்சத்தில் பிடித்தாள். கோட்டை தென்கரைக்கு வந்தது. குடிசைகள் தென்கரைக்கு வந்தன. குப்பத்தில் எங்கே தோண்டினாலும் வருமே பழைய செங்கல், அதுவும் நினைவுக்கு வந்தது. சந்தோஷத்தில் அழுதாள்.

அண்ணன் கலியமூர்த்திக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

“கெலிச்சிட்டோம்னு சொல்லு!” என்றவர் ஒரு மூச்சு விட்டுக் கேட்டார். “அப்ப அந்த வெறும் மணலு?”

காகிதம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அப்போதுதான் பார்த்தாள்.

“வடகரைக்குப் போயிடுச்சிண்ணே.”

வடகரையில்தான் அவள் மகள் பூங்கோதையைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. துறைமுகத்துக்கு எந்தக் கரையும் ஒன்றுதான்.

அண்ணனுக்கும் அது புரிந்தது.

“பூங்கோதைய நம்ம ஊட்டுக்குக் கூட்டியாந்துக்கலாம் அஞ்சல. நீ எழுது.”

எழுத உட்கார்ந்தாள். வடகரையிலும் அன்று யாராவது உலை வைத்திருப்பார்கள், வலை உலர்த்தியிருப்பார்கள். கீறுகிறவன் அங்கே கை வைக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குச் சாட்சி கேட்பார்களே. அவளிடம் என்ன இருக்கிறது? பேனா நகரவில்லை. பயமாக இருந்தது.

மறுபடி காகிதத்தை ஜன்னலில் பிடித்தாள். மழை விடவில்லை. மணல் இருக்கும் இடத்தில் மை இல்லை. இந்தப் பக்கம் பிடித்தால் அண்ணன் வீடு. திருப்பிப் பிடித்தால் மகள் வீடு.