மூன்றாவது முறை வந்த முடிவு

தெப்ராவ் வட்டாரத்தில் சந்திரமதி வேலை பார்த்த அழைப்பு மையத்தை மூடிவிட்டார்கள். பல ஆண்டுகளாகத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் ஏச்சை வாங்கிச் சமாதானம் சொல்லி வந்தவள், நாற்பது வயது கடந்தபின் வேலை தேட வேண்டியதாயிற்று.

வேலைவாய்ப்பு மையத்தில் ஃபிர்தௌஸ் என்ற இளம் அதிகாரி அவளைக் கணினி முன் உட்கார வைத்தான்.

"உங்களுக்கு என்ன வேலை பொருந்தும்னு இந்தச் சோதனையே சொல்லிரும்க்கா."

புதியவர்களோடு பேசப் பிடிக்குமா? மிகவும் பிடிக்கும். கோபப்படுகிறவர்களைப் பொறுமையாகக் கையாள்வீர்களா? நிச்சயமாக. நேர்முகத் தேர்வில் சொல்வதுபோலவே பதில் சொன்னாள். முடிவு வந்தது: வாடிக்கையாளர் சேவை.

"ஐயோ, அலமாக்! அந்த வேலைதானே தம்பி போச்சு?"

இன்னொரு முறை செய்து பார்த்தாள். அதே முடிவு. அதை நம்பி விண்ணப்பித்த இடங்களில், இப்போது கணினியே பதில் சொல்லிவிடுகிறது என்றார்கள். இல்லையென்றால் வயதைக் கேட்டுவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது முறை எரிச்சலோடு உட்கார்ந்தாள். புதியவர்களோடு பேசப் பிடிக்குமா? இல்லவே இல்லை. மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். மனிதர்களோடு பழகும் ஆர்வம் மிகக் குறைவு, தனியாக இயந்திரம் இயக்கும் வேலை பொருந்தும் என்று வந்தது.

வீட்டுக்கு வந்து கணவன் ஹேமநாதனிடம் பொருமினாள். "ஜனங்ககிட்ட பேசியே சோறு தின்னவ நான். எனக்குப் பழகத் தெரியாதாம்!"

"தெரியாதுன்னு சொல்லலயே, பிடிக்காதுன்னுதானே சொல்லுது? வீட்டுக்கு வந்தா நீ யார் போனையாவது எடுத்திருக்கியா?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் சொன்னது உண்மை. அதுதான் அதிகமாகச் சுட்டது. பிடிக்காத ஒன்றில் இத்தனை காலம் கெட்டிக்காரியாக இருந்திருக்கிறாள். பிடிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த முடிவை வைத்து ஃபிர்தௌஸ் அவளை, கிடங்குகளில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் பயிற்சிக்கு அனுப்பினான். உரிமம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. "ஓட்டப்போறது நீங்களா, உங்க வீட்டுக்காரரா?" என்று ஓரிடத்தில் கேட்டார்கள். அழுகை வரும்போலிருந்தது, வெளியே வந்து கார் கதவை ஓங்கிச் சாத்தினாள்.

கடைசியில் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கிடங்கு சோதனைக் காலத்துக்கு எடுத்துக்கொண்டது. இஞ்சின் இரைச்சலில் யாரும் அவளிடம் பேச முடியவில்லை. பெட்டிகளைத் தூக்கி அடுக்கு மேல் வைப்பதும் இறக்குவதுமாகப் பொழுது ஓடியது. சோதனைக் காலம் முடிந்ததும் மேற்பார்வையாளர் கமலநாதன் கூப்பிட்டார்.

"உங்கள நிரந்தரமாக்குறோம். ஆனா பேச்சு நல்லா இருக்கே, பாதி நாளு முன்னாடி கஸ்டமர் கவுண்டர பார்த்துக்கிறீங்களா?"

"முடியாது சார்."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சாச்சு. வண்டி கொடுத்தா இருக்கேன், இல்லன்னா விடுங்க."

அவர் முகம் கறுத்தது. வண்டியைக் கொடுத்தார், கூடவே எல்லா ஞாயிற்றுக்கிழமை வேலையையும் அவள் தலையில் கட்டினார். எரிச்சலோடுதான் ஒப்புக்கொண்டாள்.