விரல் கணுவில் நின்ற காவலாளிகள்

"உங்க உடம்போட காவலாளிங்களே உங்க மூட்டுகளைத் திருடங்கன்னு நினைச்சு அடிக்கிறாங்கம்மா. இந்த மாத்திரை அவங்களை அடக்கி வைக்கும். வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் போட்டுடாதீங்க. பலன் தெரிய ரெண்டு மூணு மாசமாகும்" என்றார் டாக்டர்.

நான் கணவரை முறைத்தேன். அலுவலக வாசலில் காவலாளியாகச் சேர்ந்த அன்றே முதலாளியை நிறுத்தி அடையாள அட்டை கேட்ட மனிதர் அவர்.

புதன்தோறும் விழுங்கினேன். கனவில் என் விரல் கணுக்களில் அவரைப் போலவே நூறு பேர் தடியோடு நின்றார்கள். வாரங்கள் போகப்போக, ஒவ்வொருவராகக் கொட்டாவி விட்டு உட்கார்ந்தார்கள்.

அதுவரை என் சட்டைப் பொத்தான்களை அவர்தான் போட்டுவிடுவார். பதினோராம் வாரம் ஒரு காலையில், அவருடைய சீருடைப் பொத்தான்களை நான் போட்டுவிட்டேன்.

அவர் என் விரல்களையே பார்த்தார்.

"யாருங்க நீங்க? அட்டையைக் காட்டுங்க."